ஒரு காரின் பாடபேதங்கள்

நம் ஊர்ப் பட்டறைகளில் புழங்கும் சொற்களில் நான் அதிகம் சந்தேகப்படுவது 'ஒரிஜினல் ஜப்பான்'. ஜப்பானில் ஓடிய காரைப் பாதியாக அறுத்து, கண்டெய்னரில் ஏற்றி, 'ஹாஃப் கட்' என்று கொண்டுவந்து இறக்குவார்கள். அதிலிருந்து கழற்றிய எஞ்சினுக்குத் தனி மரியாதை. அதே கம்பெனி, அதே எஞ்சின், ஆனால் வேறு நாட்டுக்கென்று செய்தது என்றால் முகம் சுளிப்பார்கள். "அது எக்ஸ்போர்ட் ஐட்டம் தம்பி. ஒரிஜினல் இல்ல லா." எக்ஸ்போர்ட்டுன்னா என்னண்ணே குறைச்சல் என்று கேட்டால் பதில் வராது, சிரிப்புதான் வரும்.

இந்தச் சிரிப்பை இலக்கியக் கூட்டங்களிலும் பார்த்திருக்கிறேன். மூலம் என்று ஒன்று இருக்கும், மற்றதெல்லாம் அதன் தேய்ந்த நகல். மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசினாலும் சரி, சென்னையில் எழுதுவதையும் கிள்ளானில் எழுதுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினாலும் சரி, அடியில் ஓடுவது பட்டறைக்காரரின் அதே நம்பிக்கை. இதை நான் கோட்பாடாக எதிர்க்கப் போவதில்லை, அந்தப் படிப்பு எனக்கில்லை. நான் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பொறியாளன். ஒரே பாகத்துக்கு நாட்டுக்கு ஒரு வரைபடம் பார்த்துப் பழகியவன். அதனால் எனக்குத் தெரிந்த பிரதி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: டட்சன் 240ஸெட். குறிப்பாக, அதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வரியில் கடந்துபோகும் அதன் ஐரோப்பியப் பதிப்பு.

அறிமுகம் தேவைப்படுகிறவர்களுக்குச் சுருக்கமாக. நிஸ்ஸான் இந்தக் காரை 1969 அக்டோபரில் காட்சிக்கு வைத்தது. நீண்ட மூக்கு, குட்டையான பின்புறம், இரண்டே இருக்கை, வரிசையாக ஆறு சிலிண்டர். ஜப்பானில் பெயர் 'ஃபேர்லேடி ஸெட்'. வெளிநாட்டில் டட்சன் 240ஸெட். அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்றது. ஜாகுவாரும் போர்ஷேயும் வாங்க முடியாதவர்கள் வரிசையில் நின்றார்கள். 1978 வரை பல வடிவங்களில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெரும்பகுதி போனது வட அமெரிக்காவுக்கு.

இனி கேள்வி. இந்தக் காருக்கு மூலப்பிரதி எது?

பட்டறைக்காரரைக் கேட்டால் யோசிக்காமல் ஜப்பானியப் பதிப்பு என்பார். ஆனால் ஜப்பானில் விற்ற சாதாரண ஃபேர்லேடி ஸெட்டில் இருந்தது 2 லிட்டர் எஞ்சின், எல்20. காரணம் கலை இல்லை, வரி. அங்கே 2,000 சிசியைத் தாண்டினால் கார் வேறு வகுப்புக்குப் போய்விடும், வருடா வருடம் கட்டுகிற வரி எகிறிவிடும். அதற்காகக் கொள்ளளவை 1,998 சிசியில் நிறுத்தினார்கள். வெளிநாட்டுக்குப் போனதில் எல்24: 83 மி.மீ. விட்டம், 73.7 மி.மீ. அடிப்பு, 2,393 சிசி. அந்த உடலுக்கும் எடைக்கும் பொருந்தியது இந்த எஞ்சின்தான் என்பது என் கட்சி. ஜப்பானியர்களுக்கே 240ஸெட் முறையாகக் கிடைத்தது 1971இல், வெளிநாட்டார் ஓட்டிப் பார்த்த பிறகு. 'மூலம்' நகலைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது.

ஸெட்432 என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது கை தூக்குவார்கள். நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட், அதனால்தான் 432. ஸ்கைலைன் ஜிடி-ஆரின் எஸ்20 எஞ்சினை எடுத்து இதில் வைத்தார்கள். அருமையான கார்தான், மறுக்கவில்லை. ஆனால் செய்தது மிகக் கொஞ்சம், விலையும் அதிகம். ஆசிரியர் நண்பர்களுக்கென்று கெட்டி அட்டையில் அச்சிட்ட சில பிரதிகளை வைத்து நாவலின் வரலாற்றை எழுதக் கூடாது.

ஆசிரியர் யார் என்பதிலும் இதே குழப்பம். அமெரிக்கர்கள் சொல்லும் கதையில் நாயகன் யுத்தகா கத்தாயாமா, அங்கே நிஸ்ஸான் கிளையை நடத்தியவர், 105 வயது வரை வாழ்ந்து 2015இல் இறந்தார். நிஸ்ஸான் தலைவர் கவமாத்தாவுக்கு 'மை ஃபேர் லேடி' இசை நாடகம் பிடித்துப்போனதால் வந்த பெயர் ஃபேர்லேடி. இந்தப் பெயரில் ஸ்போர்ட்ஸ் காரை அமெரிக்க ஆண்களிடம் விற்க முடியாது என்று கத்தாயாமா, வந்திறங்கிய கார்களிலிருந்து பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு '240ஸெட்' என்று ஒட்டச் செய்தார் என்பது எல்லாரும் ஆசையாகச் சொல்லும் கதை. அவரை 'ஸெட்டின் தந்தை' என்பார்கள். எனக்கு அவர் நல்ல பதிப்பாளர். தலைப்பை மாற்றினார், வாசகரைப் பிடித்தார். எழுதியவர் அவர் இல்லை.

ஐரோப்பாவின் உரிமைக் கோரிக்கை ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் பெயரில் இருக்கிறது. பிஎம்டபிள்யூ 507ஐ வரைந்த ஜெர்மானியர், பிரபு வம்சம். 1960களின் முற்பாதியில் நிஸ்ஸானுக்கு ஆலோசகராக இருந்தார். பல ஆண்டுகள் பத்திரிகைகள் 240ஸெட்டை அவர் கைவேலை என்றே எழுதின. ஜப்பானியன் தானாக இவ்வளவு அழகாக வரைய மாட்டான் என்ற எண்ணம் பல பேருக்கு வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். பிற்பாடு நிஸ்ஸான் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்று பிரசித்தம். அதில் 240ஸெட்டை அவர் வரைந்தார் என்று இல்லை. வரைந்தவர்கள் அவர் முன்பு செய்த வேலையால் பயன்பெற்றார்கள் என்று இருக்கிறது. நன்றி சொல்வது போலவும் கதவைச் சாத்துவது போலவும் ஒரே நேரத்தில் இருக்கும் கடிதம். களிமண் மாதிரியோடு மல்லுக்கட்டியது யோஷிஹிகோ மத்ஸுவோவும் அவருடைய சிறிய குழுவும். அவருடைய பெயரைச் சொல்லிப் பாருங்கள், கார்ப் பைத்தியங்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, ஐரோப்பியப் பதிப்புக்கு வருகிறேன்.

இந்தக் கார்களுக்கு ஒரு சேசிஸ் குறியீடு உண்டு. நம் இலக்கணத்தில் பகுபதத்தைப் பிரிப்பது போலப் பிரிக்கலாம். 'எஸ்30' பகுதி. அதன் முன் 'எல்' வந்தால் ஸ்டீயரிங் இடப்பக்கம். 'எச்' வந்தால் 2.4 லிட்டர். 'ஆர்' வந்தால் 2.6 லிட்டர். 'ஜி' வந்தால் பின்னால் இரண்டு இருக்கை சேர்த்து நீட்டியது. ஆகவே எச்எஸ்30 என்றால் பிரிட்டனுக்குப் போன 240ஸெட், எச்எல்எஸ்30 என்றால் ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ போனது, ஜிஆர்எஸ்30 என்றால் பிரிட்டனில் ஓடிய நாலு இருக்கை 260ஸெட். படிக்கக் கற்றுக்கொண்டால் போதை தருகிற விஷயம் இது. ஆனால் முன்னெழுத்து அளவில் மியூனிக்குக்குப் போனதும் எச்எல்எஸ்30, லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனதும் எச்எல்எஸ்30. பெயரில் வேற்றுமை கிடையாது. பேதத்தைப் பார்க்க உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனால் முதலில் கியர் பெட்டி. அமெரிக்காவுக்கு நான்கு கியர். ஐரோப்பாவுக்கு ஐந்து. ஐந்து என்றவுடன் ஒன்று கூடுதல், கொசுறு என்று நினைக்காதீர்கள். கணக்கைப் பார்த்தால்தான் இதில் உள்ள எழுத்து தெரியும். அமெரிக்கக் காரில் பின்னச்சு விகிதம் 3.36, நான்காவது கியர் 1.00. பெருக்கினால் 3.36. ஐரோப்பியக் காரில் பின்னச்சு 3.90, ஐந்தாவது கியர் சுமார் 0.86. பெருக்குங்கள், ஏறக்குறைய அதே 3.36. அதாவது நெடுஞ்சாலையில் உச்ச கியரில் போகும்போது இரண்டு கார்களின் எஞ்சினும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும். முடிவு ஒன்றுதான். ஆனால் ஐரோப்பியக் காரில் நான்காவது கியர் 3.90இல் நிற்கிறது. அமெரிக்கக் காரின் நான்காவதைவிட ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதல் இழுவை. ஆல்ப்ஸ் மலை வளைவில் கியரைக் குறைத்துவிட்டு மிதிக்கிறவனுக்கு, ஆட்டோபானில் முன்னால் போகிற மெர்சிடிஸைத் தாண்ட நினைக்கிறவனுக்கு, அந்த 16 சதவீதம்தான் கார். முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றாக இருந்து, நடுவில் ஒரு வரி கூடுதலாக உள்ள பாடபேதம் மாதிரி. அந்த ஒரு வரியில் தொனியே மாறிவிடுகிறது.

மற்றவை: பின்புறத்திலும் உருளலைத் தடுக்கும் கம்பி, 240ஸெட் காலத்து அமெரிக்கக் காருக்கு அது கிடையாது. இறுக்கமான ஸ்பிரிங். பின் விளக்கில் திரும்பும் சமிக்ஞைக்குச் செம்மஞ்சள் கண்ணாடி, அமெரிக்காவில் அதுவும் சிவப்பு. சில கார்களில் முன்பக்கம் தாடை போல ஒரு ஸ்பாய்லர். இந்த உடலில் அழகான ஒரு குறை உண்டு, வேகம் ஏற ஏற மூக்கு மேலே தூக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. வேக வரம்பில்லாத சாலையில் ஓட்டுகிறவனுக்கு ஸ்டீயரிங் கையில் லேசாகும்போது உயிர் போய் வரும்.

இப்போது ஒரு நியாயமான எதிர்வாதம். ஐந்து கியர் பெட்டி ஐரோப்பாவுக்கென்று கண்டுபிடித்ததா? இல்லை. ஜப்பானியப் பதிப்பில் ஏற்கெனவே இருந்தது. 2.4 லிட்டர் எஞ்சின்? அமெரிக்காவுக்கும் போனதுதான். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மேசையில் வைத்தால் ஐரோப்பாவில் பிறந்தது என்று சொல்ல அநேகமாக எதுவுமே மிஞ்சாது. "அப்புறம் என்ன தனிப் பதிப்பு, கலவைதானே?" கலவைதான். ஜப்பானில் கியர் இருந்தது, அதை ஓட்ட எஞ்சின் சிறியது. அமெரிக்காவில் எஞ்சின் இருந்தது, கியர் இல்லை. ஐரோப்பியப் பதிப்பில் இரண்டும் சாதாரணமாகக் கடையில் வாங்கக் கூடிய காரில் சேர்ந்தன. மத்ஸுவோ குழு வரைந்த உடலைப் பார்த்தால் எந்தக் கார் மனதில் வருகிறதோ, அந்தக் காருக்கு மிக அருகில் வந்தது இதுதான். தொகுப்பதும் எழுத்துதான் என்பதைத் தொகைநூல் படித்து வளர்ந்த நாம் ஒப்புக்கொள்ள அதிகம் தயங்க மாட்டோம் என்று நம்புகிறேன்.

1974க்குப் பிறகு பேதம் பிளவாகிவிட்டது. அந்த ஆண்டு அடிப்பை 79 மி.மீ. ஆக நீட்டி 2,565 சிசியில் 260ஸெட் வந்தது. அமெரிக்கச் சட்டம் அப்போது இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக இடித்தால் சேதமாகாத பம்பர் வேண்டும், புகையும் குறைய வேண்டும். மெல்லிய உதடு மாதிரி இருந்த பம்பர் போய், ஆண்டின் நடுவில் அலமாரிப் பலகை போல ஒன்று வந்தது. புகைக்காக மாற்றிய தட்டைத் தலை கார்புரேட்டர்கள் சூட்டில் திணறின. உரிமையாளர்கள் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு பழைய உருண்டைத் தலை எஸ்யூ வகையைத் தேடிப் பொருத்தினார்கள். நெடுஞ்சாலை வேகமும் நாடு முழுக்க 55 மைலாகச் சுருங்கியது. மறு ஆண்டே 260ஸெட்டைக் கைவிட்டு, மின்னணு எரிபொருள் தெளிப்போடு 280ஸெட்டைக் கொடுத்தார்கள். அது கனமான, வசதியான வேறு கார்.

ஐரோப்பாவில் 260ஸெட் 1978 வரை விற்றது. மெல்லிய பம்பர், உருண்டைத் தலை கார்புரேட்டர், ஐந்து கியர். அதாவது, முதல் பதிப்பின் குணம் கடைசி வரை நின்றது 'எக்ஸ்போர்ட் ஐட்டம்' ஒன்றில்.

எல்லாவற்றையும் புகழ வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. நாலு இருக்கை 260ஸெட்டைப் பற்றி நல்லது சொல்ல முயன்று தோற்றிருக்கிறேன். அச்சுகளுக்கு இடையில் 300 மி.மீ. கூட்டினார்கள். கூரை நேராக நீண்டு, பிறகு அவசரமாக இறங்குகிறது. முக்கால் பக்கக் கோணத்தில் பார்த்தால் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய வாக்கியம் போல இருக்கும். குடும்பஸ்தர்களுக்குக் காரை விற்க வேண்டிய நெருக்கடி புரிகிறது. புரிவதால் அழகாகிவிடாது.

ஜப்பானியத் தூய்மையை நம்புகிறவர்கள் எல்லாரும் கையில் வைத்திருக்கும் வேதநூல் ஒன்று உண்டு: மிச்சிஹாரு குஸுனோக்கியின் 'வாங்கன் மிட்நைட்' மாங்கா. நம் ஊரில் பலருக்கு அது ஆர்கேட் விளையாட்டாகவே பழக்கம். கதையில் கழிவுக் கார் குவியலில் அக்கியோ என்ற பையன் ஒரு நீல நிற எஸ்30ஐக் கண்டெடுக்கிறான். முன்பு அதை ஓட்டிச் செத்தவனுக்கும் அதே பெயர். 'பேய் ஸெட்' என்று அழைக்கப்படும் அந்தக் காரின் இதயம் எல்28, துளை பெரிதாக்கி இரட்டை டர்போ பொருத்தியது. ஜப்பானில் விற்ற எஸ்30 எதிலும் தொழிற்சாலை எல்28ஐப் பொருத்தியதில்லை. அந்த எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டு வெளிவந்த எஸ்30 வட அமெரிக்காவுக்குப் போன 280ஸெட் மட்டும்தான். ஆக, தூய்மைவாதிகளின் நாயகனே ஒரு கலப்பு. குஸுனோக்கி இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. உடல் ஒருவனுடையது, உயிர் இன்னொருவனுடையது என்ற பேய்க்கதைக்கு இதைவிடப் பொருத்தமான எந்திரம் கிடைக்காது. வாசகர்கள்தான் அதைத் தூய ஜப்பான் என்று வாசித்தார்கள்.

பந்தயச் சாலை இந்தத் தூய்மையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. 1971இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஒரு 240ஸெட் வென்றது, ஓட்டியவர் எட்கர் ஹெர்மன். 1973இல் மறுபடியும், இம்முறை உகாண்டாவில் பிறந்த, இந்திய வம்சாவளி சேகர் மேத்தா. இடையில் 1972 மான்டே கார்லோ ராலியின் பனியில் ராவ்னோ ஆல்டோனன் மூன்றாவதாக வந்தார். பக்கத்து இருக்கையில் வழி சொல்லிக்கொண்டு வந்தவர் ஜான் டாட், பிற்காலத்தில் ஃபெராரி அணியை நடத்திய அதே ஜான் டாட்.

இதெல்லாம் ஐம்பது வருடக் கதை, இப்போது ஏன்? ஏனென்றால் ஐரோப்பியப் பதிப்பு அழிந்துகொண்டிருக்கிறது, அதை அழிப்பவர்களில் காரை நேசிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பாதி வேலையைத் துரு செய்துவிட்டது. அந்தக் காலத்துத் தகடு மெல்லியது, ஐரோப்பியக் குளிர்காலச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். பேட்டரித் தட்டின் அடியில் தொடங்கி, தரை, சட்டம், சக்கர வளைவு என்று தின்றுவிடும். ஆகவே இன்று ஐரோப்பாவில் 240ஸெட் வேண்டுமென்பவர்கள் பலர் கலிஃபோர்னியா, அரிசோனா மாதிரியான வறண்ட மாநிலங்களிலிருந்து துருப்பிடிக்காத அமெரிக்கக் காரை இறக்குமதி செய்கிறார்கள். விளக்கை மாற்றி, ஐந்து கியர் பெட்டி தேடிப் பொருத்தி, கொலோன் தெருவில் ஓட்டுகிறார்கள். மறுபக்கம் அமெரிக்கர்கள் ஐரோப்பியச் செம்மஞ்சள் விளக்கை ஆசைப்பட்டு வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் 'ஃபேர்லேடி' என்று எழுதிய சின்னத்தையும் முன் சக்கர மூடியில் நிற்கும் ஜப்பானியக் கண்ணாடியையும் வாங்குகிறது. இந்தக் குறுக்குமறுக்கான ஆசை வேடிக்கையாகத்தான் இருக்கிறது, எனக்கு அதில் கோபமில்லை.

கோபம் வருவது வேறொன்றில். துருவிலிருந்து தப்பிய உண்மையான ஐரோப்பிய 260ஸெட் ஒன்று கிடைக்கும். விலை 240க்குத்தான் அதிகம் என்பதால் அதை 240 ஆக்குவார்கள். பின் விளக்கு மாறும், சின்னம் மாறும், டாஷ்போர்டு மாறும். அல்லது ஜப்பானியக் காராக்குவார்கள். கழற்றியது குப்பைக்குப் போகும். இதற்குப் பெயர் 'ரெஸ்டோரேஷன்'. மீட்டெடுப்பது! எதை?

உ.வே.சாமிநாதையர் ஒரு சொல்லுக்கு ஏட்டுக்கு ஏடு வெவ்வேறு பாடம் கிடைத்தபோது தனக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்தார், மற்றதை அடிக்குறிப்பில் போட்டார். கம்பராமாயணத்தைப் பதிப்பித்தவர்கள் கம்பன் எழுதியிருக்க மாட்டான் என்று முடிவு செய்த பாடல்களைக்கூட 'மிகைப்பாடல்கள்' என்று தனியே அச்சிட்டார்கள். நாளை யாராவது அவர்கள் முடிவு தப்பு என்று சொல்ல வேண்டுமானால் சாட்சி அங்கேயே இருக்கிறது. கார் உலகத்தில் இந்தப் பழக்கம் அபூர்வம். அங்கே பதிப்பாசிரியர் தனக்குப் பிடிக்காத ஓலையை அடுப்பில் வைத்துவிட்டு, கையில் மிஞ்சியதை மூலம் என்கிறார்.

அவரவர் கார் அவரவர் காசு என்ற பதில் தெரியும். ஒரு நண்பர் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: "நீ சொல்றபடி பார்த்தா, இந்த மாத்துற வேலையும் ஒரு பாடபேதம்தானே? 2020இன் பதிப்பு. அதை மட்டும் ஏன் திட்டுற?" எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மாற்றுவதை நான் திட்டவில்லை. அக்கியோவின் காரும் மாற்றியதுதான், அதை நான் ரசிக்கிறேன். ஆனால் அந்தக் கார் தன்னைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. 260ஐ 240 என்று விற்கிறவர் சொல்லிக்கொள்கிறார். இடைச்செருகல் எழுதுவது ஒரு குற்றமில்லை. அதற்குக் கீழே கம்பன் என்று கையெழுத்துப் போடுவதுதான் குற்றம்.

நல்லவேளையாக, இந்தக் கார்களில் எஞ்சின் அறைக்குள் ஒரு சிறிய தகடு ரிவெட் செய்யப்பட்டிருக்கும். சேசிஸ் எண் பக்கத்திலேயே உலோகத்திலும் அடித்திருக்கும். பின்னால் என்ன பெயர் ஒட்டினாலும் ஆர்எல்எஸ்30 என்றால் 260தான். வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்கும் முன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு காரைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். எதிர்ச் சக்கரம் அசையாமல் இருந்தால் கிடைப்பதை இரண்டால் பெருக்க வேண்டும். நான்கை ஒட்டி வந்தால் ஐரோப்பியப் பின்னச்சு இன்னும் உள்ளே இருக்கிறது. மூன்றேகால், மூன்றரை என்று வந்தால் அரிசோனாவிலிருந்து வந்ததா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், கோபப்படாமல்.